கிண்டியில் கையால் போட்ட கணக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் நடந்தது. திருச்சி என்.ஐ.டி.யில் உள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரின் படத்தை ஒருவர் போட்டிருந்தார். அதற்கு, என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்து இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார்: "சார், எங்க பட்டறையில இருபது வருஷத்து லேத் இன்னும் நல்லா ஓடுது. இந்த கம்ப்யூட்டரெல்லாம் ஆறேழு வருஷத்துல பழசாயிடும். மறுபடி கோடிக்கணக்குல புதுசு வாங்கணும். நீங்க பாடம் எடுத்தப்ப சொன்ன ராமச்சந்திரன் கம்ப்யூட்டர் இல்லாமத்தானே சாதிச்சார்?"

குழுவில் பலர் கைதட்டும் பொம்மை போட்டுவிட்டார்கள். எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் இருக்கும் வரலாறு பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ராமச்சந்திரன் யார் என்று இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே மாங்காட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒன்று ராமாவரம் தோட்டம் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் போரூர் மருத்துவமனை ஞாபகம் வரும். இவர் இரண்டுமே இல்லை. ஜி.என். ராமச்சந்திரன், 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகக் கிண்டி வளாகத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அப்போது துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அவர் மகப்பேறு மருத்துவர். உயிருள்ள பொருளின் கட்டமைப்பை ஆராய வந்த ஒரு இயற்பியலாளரை, மருத்துவரான துணைவேந்தர் ஆதரித்தார் என்பதை நான் எப்போதும் சிறப்பாகவே நினைப்பேன்.

இரண்டே வருடத்தில், 1954-ல், ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை வெளியிட்டார்கள். நம் தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது கொலாஜன்தான். மூன்று இழைகள் சடை பின்னியதுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன முடிவு. கார்த்தா என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவார்.

அடுத்து 1963. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரை. உலகம் முழுக்க உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் இன்றும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று படிப்பது இதைத்தான்.

அதில் என்ன கணக்கு என்று சொல்கிறேன். புரதம் ஒரு நீண்ட சங்கிலி. தட்டையான சின்னச் சின்ன அட்டைகளை மூலைக்கு மூலை குண்டூசியால் கோத்ததுபோல் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு அட்டையும் விறைப்பானது, மடங்காது. ஆனால் குண்டூசி இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் திரும்பும். ஒரு திருப்பத்துக்கு ஃபை, இன்னொன்றுக்கு சை என்று பெயர். எந்தக் கோணத்திலும் திரும்பிவிட முடியுமா? முடியாது. சில கோணங்களில் ஒரு அட்டையின் அணு மறு அட்டையின் அணுமேல் இடித்துவிடும். இடிக்காத கோணங்கள் எவை என்பதுதான் கேள்வி.

எவ்வளவு உழைப்பு பாருங்கள். பத்துப் பத்து டிகிரியாகத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 36 நிலைகள். இரண்டு கோணங்களுக்கும் சேர்த்து 36 பெருக்கல் 36, அதாவது 1,296 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் பத்து ஜோடி அணுக்களுக்கு இடையே தூரம் பார்த்தால்கூட 12,960 தூரங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று கழித்தல், மூன்று வர்க்கம், ஒரு கூட்டல், ஒரு வர்க்கமூலம். இந்த மாதிரிக் கணக்கை அவர்கள் மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துப் போட்டார்கள். எண்ணைத் தட்டி, விடையைப் பார்த்து, நோட்டில் எழுதி, அடுத்த எண். இன்று உங்கள் கையிலிருக்கும் செல்போன் கண் இமைப்பதற்குள் போட்டுவிடும்.

விடை அழகானது. மொத்தக் கோணங்களில் கால் பங்குக்கும் குறைவான இடத்தில்தான் சங்கிலி இடிக்காமல் நிற்கிறது. இன்று உலகில் யார் ஒரு புதிய புரத அமைப்பை அறிவித்தாலும், அந்த அமைப்பு ராமச்சந்திரன் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். கையால் போட்ட கணக்கு அறுபது வருடத்துக்கும் மேலாக நிற்கிறது.

இதுவரை கேட்டால் பட்டறைக்காரர் சொன்னது சரிதான் என்று தோன்றும். கம்ப்யூட்டர் எதற்கு?

இப்போது அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தலைமையில் எட்சாக் என்ற கணினியைக் கட்டினார்கள். 1949 மே மாதம் அது முதல் கணக்கைப் போட்டது. அந்த இயந்திரத்தை ஒரு துறைக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவில்லை. வானியல்காரர், கணிதக்காரர், உயிரியல்காரர் எல்லோரும் முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். அங்கே ஜான் கென்ட்ரூ என்பவர் மயோகுளோபின் என்ற புரதத்தை எக்ஸ் கதிர் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதம் அது. எக்ஸ் கதிர் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளின் அளவுகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்குப் போட்டு மீட்க வேண்டும்.

கென்ட்ரூ 1958-ல் சுமார் 400 புள்ளிகளை வைத்து எட்சாக்கில் கணக்குப் போட்டார். கிடைத்தது மங்கலான உருவம். குடல் சுருண்டு கிடப்பதுபோல் ஒரு வடிவம் தெரிந்தது, அணுக்கள் தெரியவில்லை. தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் ஏறக்குறைய 9,600 புள்ளிகள் வேண்டும். அந்தக் கணக்குக்கு எட்சாக் போதாது.

அதே 1958 ஜூலையில் எட்சாக்கை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருடம்தான் அதன் ஆயுள். அதன் இடத்தில் எட்சாக் 2 வந்தது. அந்தப் புதிய இயந்திரத்தில் போட்ட கணக்கு 1960-ல் வெளியானபோது மயோகுளோபினுக்குள் அணுக்களின் அடுக்கு தெரிந்தது. 1962-ல் கென்ட்ரூவுக்கும் அவர் சகா மாக்ஸ் பெருட்ஸுக்கும் நோபல் பரிசு.

பொதுக் கணினியை மேம்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பழைய இயந்திரம் கெட்டுப்போகவில்லை. கேள்வி பெரிதாகிவிட்டது, இயந்திரம் சின்னதாகிவிட்டது.

இப்போது இரண்டு ஊரையும் பக்கத்தில் வையுங்கள். கேம்பிரிட்ஜில் 9,600 புள்ளிகளோடு ஒரு முழுப் புரதம். கிண்டியில் இரண்டு அட்டை, ஒரு குண்டூசி. மூளையில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. ஆனால் முழுப் புரதத்துக்கான கணக்கைக் கையால் போட்டு முடிக்க முடியாது. கையால் முடிக்கக் கூடிய அளவுக்கு ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, அதில் உலகமே பயன்படுத்தும் விடையை எடுத்தது ராமச்சந்திரன் குழுவின் மேதைமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதைக் கையிலிருந்த கருவி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. இந்தப் பாதியைத்தான் நாம் பெருமை பேசும்போது மறந்துவிடுகிறோம்.

நம்பவில்லையா? கார்த்தாவிடம் வாருங்கள். கொலாஜனில் ராமச்சந்திரனின் கூட்டாளியாக இருந்த அதே கோபிநாத் கார்த்தா பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்ற ஊரில் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். 1967-ல் கார்த்தா, பெல்லோ, ஹார்க்கர் மூவரும் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முழு அமைப்பை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புரத அமைப்பு அதுதான்.

இந்தியாவில் எப்போது? எம். விஜயன் என்ற பெரிய விஞ்ஞானி, ஆக்ஸ்போர்டில் டாரதி ஹாட்ஜ்கினின் இன்சுலின் குழுவில் வேலை செய்துவிட்டு 1971-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பினார். புரதம் பார்க்கத் தெரிந்தவர் நாட்டுக்குள் வந்துவிட்டார். ஆனால் கருவிக்கும் பணத்துக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1980களில் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை உதவியோடு அங்கே பொதுப் பயன்பாட்டுக்கான கருவி மையம் உருவான பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. அவர் குழு வேர்க்கடலையில் உள்ள லெக்டின் என்ற புரதத்தின் அமைப்பை வெளியிட்டது 1994-ல். இந்தியாவிலேயே முழுமையாகக் கண்டறிந்த முதல் சில புரத அமைப்புகளில் அது ஒன்று. கென்ட்ரூவுக்கும் வேர்க்கடலைக்கும் நடுவில் முப்பது வருடத்துக்கு மேல். ராமச்சந்திரன் வரைபடம் பிறந்த நாட்டில்!

இன்னொரு கதையும் உண்டு, இது நம் வீட்டுக்குப் பக்கத்துக் கதை. உறவுகளில் பலருக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்த அனுபவம் இருக்கும். போன வருடம் என் தம்பிக்குத் தலைச்சுற்றல் வந்து பூந்தமல்லியில் எடுத்தோம். உள்ளே போய்ப் படுத்தான், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். அந்தப் படம் எப்படி உருவாகிறது? பல திசைகளிலிருந்து எக்ஸ் கதிர் நிழல் எடுத்து, எல்லா நிழலையும் கணக்கில் சேர்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மீட்கிறார்கள். 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் முதல் நோயாளியைப் படம் எடுத்தபோது ஒரு படத்துக்கான கணக்கைப் பெரிய கணினியில் மணிக்கணக்காகப் போட வேண்டியிருந்தது.

அதே 1971-ல் ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை இருந்த ஃபூரியர் முறைக்குப் பதில், ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டி வழியாக அனுப்பி நேராகக் கூட்டிவிடலாம், கணக்கு நேரம் வெகுவாகக் குறையும் என்று காட்டினார்கள். இதே மாதிரி யோசனையை 1967-ல் பிரேஸ்வெல், ரிடில் என்ற வானொலி வானியலாளர்கள் வேறொரு தேவைக்காகச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் தனியாகவே அதை அடைந்தார்கள். இன்றும் ஸ்கேன் பாடப்புத்தகங்களில் 'ராம்-லாக் வடிகட்டி' என்று இருவர் பெயரும் இருக்கிறது. ராம் என்றால் ராமச்சந்திரன், லாக் என்றால் லட்சுமிநாராயணன்.

கணினி நேரம் அரிதாக இருக்கும் இடத்தில் கணக்கு முறை கூர்மையாகும். இது பற்றாக்குறையின் நல்ல பக்கம். ஆனால் முறை இங்கே பிறந்தது, இயந்திரம் இங்கே பிறக்கவில்லை. 1979-ல் ஸ்கேனுக்கான நோபல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போனது. நாம் ஸ்கேன் இயந்திரத்தை இறக்குமதி செய்தோம்.

சென்னைக்குப் பெரிய பொதுக் கணினி வந்தது 1973-ல். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஜெர்மனி உதவியோடு ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. ஐ.ஐ.டி.க்காரர்கள் மட்டுமல்ல, நகரத்தின் மற்ற ஆய்வு நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின. நான் எம்.எஸ்ஸி. முடித்த காலத்தில் என் நண்பர் ஒருவர் ஆராய்ச்சி மாணவர். அவரோடு இரண்டு மூன்று தடவை அங்கே போயிருக்கிறேன். கையில் ஒரு நீள அட்டைப்பெட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான துளை அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு வரி, எண்பது எழுத்து. அடுக்கின் பக்கவாட்டில் மையால் ஒரு சாய்கோடு போட்டிருப்பார். ஏன் என்று கேட்டேன். "பஸ்ஸில் கீழே கொட்டிட்டா, இந்தக் கோட்டை வச்சுத்தான்டா திரும்ப அடுக்கணும்" என்றார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்த நாள் போனால் விடை அச்சடித்த தாள் கிடைக்கும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் விடை இருக்காது, பிழைச் செய்தி இருக்கும். திருத்தி, மறுபடி வரிசையில் போட்டு, மறுபடி ஒரு நாள்.

அலுத்துக்கொள்வார். ஆனால் போய்க்கொண்டே இருந்தார். அந்த ஒரே இயந்திரம் இல்லாவிட்டால் அவர் கணக்கை இந்த ஊரில் போட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1980களில் அமெரிக்காவிடமிருந்து க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் வாங்குவதில் நமக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. வானிலைக் கணிப்புக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கி, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' கணினியைக் கட்டினார்கள். உயிரியல் ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தவே தனி வசதி ஒன்றையும் சி-டாக் பின்னாளில் வைத்தது.

சென்னையில் 2004-ல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 'கப்ரு' வந்தது. இமயமலையில் ஒரு சிகரத்தின் பெயர். தனி ஒரு ராட்சத இயந்திரம் இல்லை, 144 கணினிகளை வலையாகப் பின்னி ஒன்றாக ஓட்டினார்கள். வினாடிக்கு ஒரு டெராஃப்ளாப் வேகம், அதாவது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. 2012-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'விர்கோ' அதைப்போல் தொண்ணூறு மடங்கைத் தாண்டியது. 2015-ல் மத்திய அரசு 4,500 கோடி ரூபாய்த் திட்டமாகத் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தை அறிவித்தது. அதன்கீழ் 2022 மே மாதம் திருச்சியில் திறக்கப்பட்டதுதான் விவாதத்தைக் கிளப்பிய 'பரம் பொருள்'. வேகம் 838 டெராஃப்ளாப். கப்ருவிலிருந்து பதினெட்டே வருடத்தில் எண்ணூறு மடங்கு.

இப்போது லேத் கேள்விக்கு வருகிறேன்.

லேத் இருபது வருடம் ஓடுவதற்குக் காரணம் அதன் உறுதி மட்டுமில்லை. நீங்கள் கடைகிற ஷாஃப்ட் வருடத்துக்கு வருடம் ஆயிரம் மடங்கு நீளமாவதில்லை. மருத்துவ ஆய்வில் அப்படித்தான் ஆகிறது. மனித மரபணுத் தொகுதியில் 300 கோடி எழுத்துகள். ஒரு ஆளுடையதைப் படித்துச் சரிபார்க்கும் அளவுக்கு எடுத்தாலே நூறு ஜி.பி. அளவில் தரவு சேரும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களுடையதைப் படித்திருக்கிறார்கள். அந்தத் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. நம் மக்களுக்கு எந்த மரபணு மாற்றம் சாதாரணம், எது நோய் என்று நம் தரவை வைத்தே பார்க்க இது அவசியம்.

மருந்து ஆய்வை எடுங்கள். ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்குமா என்று கணினிக்குள் ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கை இன்னும் ஐந்து லட்சமாகப் பிரித்தால் வருமே, அவ்வளவு. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தை மட்டும் பார்க்க 50 கோடி அடிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் லட்சம் அணுக்களின் தள்ளுமுள்ளைக் கணக்குப் போட வேண்டும். ராமகிருஷ்ணன் நோட்டில் போட்ட அதே வகைத் தூரக் கணக்குதான், எண்ணிக்கை மட்டும் வேறு.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம். 2024 டிசம்பரில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைச் செல் அளவில் காட்டும் 'தரணி' என்ற படத்தொகுப்பை வெளியிட்டது. 5,132 மூளை வெட்டுத் துண்டுகளின் படங்கள். உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இந்த வேலையில் கைகோத்தவர்களில் சென்னை மெடிஸ்கேனும், நம் பூந்தமல்லி தாண்டித் தண்டலத்தில் உள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. அத்தனை நுணுக்கமான படங்களைச் சேமிக்க, ஒட்ட, முப்பரிமாணமாக்கப் பெரிய கணினி வசதி இல்லாமல் முடியாது. கார்த்தா போல் பஃபலோவுக்குப் போகாமல், மாங்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருப்பவர்கள் அதில் பங்கெடுத்தார்கள்.

இன்னொன்று மின்சாரம். இருபது வருடத்து ஏ.சி.யை ஓட்டிக் கரண்ட் பில் கட்டிப் பாருங்கள். கணினியும் அப்படித்தான். கப்ருவின் 144 கணினிகள் சேர்ந்து போட்ட கணக்கை இன்று ஒரே ஒரு கணிப்பு அட்டை போட்டுவிடும், மிகக் குறைந்த மின்சாரத்தில். உதிரிபாகமும் கிடைக்காத பழைய இயந்திரத்தை வருடக்கணக்கில் ஓட்டுவது சிக்கனம் இல்லை.

"அப்படியானால் ஒவ்வொரு கல்லூரியும் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமே, ஏன் பொதுவாக?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கல்யாண மண்டபப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சமையலறை கட்டுவதில்லை. ஒரே பந்தி, வரிசையாக உட்கார்கிறார்கள். பெரிய குடும்பம் பத்துப் பேர் சேர்ந்துதான் உட்காருவோம் என்று காத்திருந்தால், நடுவில் காலியான இரண்டு இலையில் அவசரமாகப் போக வேண்டிய இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. பொதுக் கணினியின் வரிசை மென்பொருள் இதைத்தான் செய்கிறது. பெரிய வேலைக்கு இடம் சேரும்வரை சின்ன வேலைகளை இடைவெளியில் நுழைக்கும். நேற்று நிறையச் சாப்பிட்டவரை இன்று கொஞ்சம் பின்னால் நிறுத்தும். தனியாக வாங்கிய இயந்திரம் பாதி நாள் சும்மா தூங்கும். பொது இயந்திரம் இரவு பகல் ஓடும்.

பந்தி நன்றாக நடக்கப் பரிமாறுகிறவர் வேண்டும். இங்கேதான் எனக்குக் கவலை. திறப்பு விழாவில் இயந்திரத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றுவோம். அதை ஓட்டத் தெரிந்தவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோமா? ஒரு உயிரியல் மாணவி வந்து "என் வேலை ஏன் நின்றுவிட்டது" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இருக்கிறதா? புதுப்பிக்கும் பணத்தை ஆறேழு வருடம் முன்பே திட்டத்தில் எழுதி வைக்கிறோமா, அல்லது இயந்திரம் நின்றபிறகு கோப்பு நகர ஆரம்பிக்குமா? வாங்குவதைவிட இந்தக் கேள்விகளுக்குத்தான் மக்கள் பிரதிநிதிகளிடம் பதில் கேட்க வேண்டும்.

பரம் வரிசைக் கணினிகள் அவை நிற்கும் கல்லூரியின் சொந்தச் சொத்து இல்லை. வெளியில் உள்ள ஆய்வாளர்களும் விண்ணப்பித்துக் கணக்கு வாங்கலாம். ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர்ப் பக்கக் கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பமும் உயிர்த்தகவலியலும் படிக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் மகனோ மகளோ பேத்தியோ அப்படிப் படித்துக்கொண்டிருந்தால், துறைத் தலைவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "சார், நம் கல்லூரியிலிருந்து யாராவது பொதுக் கணினிக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா?" இல்லை என்று பதில் வந்தால், முதல் விண்ணப்பம் அந்தப் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

லினக்ஸ் கொஞ்சம், பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டால் ஆரம்பிக்கப் போதும். இரண்டும் இலவசம். ராமச்சந்திரன் வரைபடத்தை முதல் பயிற்சியாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம், வீட்டு லேப்டாப் போதும். 1963-ல் கிண்டியில் என்ன செய்தார்கள் என்பது அப்போதுதான் கைக்கு உறைக்கும். அது உறைத்த பிள்ளைக்குத்தான், இன்னும் பெரிய கேள்வி கேட்க எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்பதும் புரியும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பட்டறைக்காரர் முதலில் எழுத வேண்டும், அவர் கேட்டிராவிட்டால் இந்தப் பதிவே இல்லை. யார் பிள்ளையாவது இந்தப் பயிற்சியைச் செய்து முடித்தால் வரைபடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சிவப்பு மையில் சரி போட்டுத் தருகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் இயற்பியல் வாத்தியார்,
மாங்காடு